வழுவும் வழுவமைதியும்

கழக்கூட்டம் சந்திப்புக்கு மேலே 2022 நவம்பரில் திறக்கப்பட்ட உயர்மட்டச் சாலையில் வண்டிகள் ஊரைத் தொடாமலே பறந்துவிடுகின்றன. கீழே, தொடர்வண்டி நிலையத்துக்குப் போகும் வழியில், ஒரு வீட்டின் மாடியறையில் ஒரு வழங்கிக் கணினி மூன்றாண்டுகளாக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. அதை வைத்திருந்தது ஒரு நிறுவனமும் அன்று. விளவங்கோடு, நெய்யாற்றின்கரை எல்லைப்புறத் தமிழைப் பதிவுசெய்யும் ஆய்வு மாணவர் நால்வர் தத்தம் உதவித்தொகையிலிருந்து பங்கு போட்டு வாங்கிய பழைய இயந்திரம் அது. டெக்னோபார்க்கில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் மாலை நேரங்களில் வந்து, காசு வாங்காமல் அதைப் பேணிவந்தார். நால்வருள் மூத்த மாணவியை அவர் ‘சேச்சி’ என்பார். மாணவி அவரைத் ‘தம்பி’ என்பார்.

அந்தக் கணினியில் முதியவர்களின் குரல்கள் இருந்தன. பனையேற்றம், கயிறு திரித்தல், மரவள்ளி, பேறுகாலம், பேய்க்கதை எனப் பலவும் பேசிய குரல்கள். பேசியவர்கள் ஒப்புதல் தந்தவை பொதுத்தளத்தில் வைக்கப்பட்டன. சில பதிவுகளைப் பொதுவில் வைக்கக் கூடாது என்று பேசியவர்களே சொல்லியிருந்தனர். விளவங்கோட்டுப் பக்கத்துப் பாட்டி ஒருவர், பனையோலைப் பெட்டி முடைவதை விளக்கிக்கொண்டிருந்தவர், இடையில் தம்மை அறியாமல் தமையனுடனான சொத்துத் தகராற்றுக்குள் இறங்கி, பதினொரு நிமிடம் அழுதுகொண்டே பேசினார். பதிவு முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அத ஆரும் கேக்கப்பிடாது மக்களே” என்றார். மாணவி வாக்குக் கொடுத்தார். அக்கோப்பு அவருடைய சொந்த அடைவில், மூடிய பதிவுகள் என்ற பெயரிட்ட உறைக்குள் சென்றது. இக்கட்டுரையின் பொருள் அந்த வாக்குறுதியைக் கணினி எப்படிப் புரிந்துகொண்டது என்பதே.

லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதை அந்த உரிமையாளரே தம் விருப்பப்படி தீர்மானிக்கிறார். இதை விருப்புரிமை அணுகல் கட்டுப்பாடு என்பர். ஒலிபெயர்ப்பில் உதவ வந்த இன்னொரு மாணவருக்காக, மூத்த மாணவி தம் அடைவை எல்லாரும் படிக்கலாம் என்று ஒரு கட்டளையில் மாற்றியிருந்தார். ஒரு நொடி வேலை. ‘எல்லாரும்’ என்று அவர் கருதியது அறையிலிருந்த நால்வரை. கணினியின் இலக்கணத்தில் அச்சொல்லின் பொருள் வேறு. அவ்வியந்திரத்தில் இயங்கும் அத்தனை நிரல்களும், உலகம் முழுவதற்கும் கதவைத் திறந்து வைத்திருக்கும் வலைவழங்கி நிரல் உட்பட, அந்த ‘எல்லாரும்’ என்பதில் அடக்கம்.

விருப்புரிமையின் நலிவு இங்கேதான் இருக்கிறது. ஒரு நிரல் யாருடைய பெயரில் இயங்குகிறதோ அவருடைய உரிமைகள் முழுவதையும் அது பெற்றுவிடுகிறது. அவர் பிறருக்குத் திறந்துவிட்டவற்றிலும் நுழைந்துவிடுகிறது. படம் காட்டுவதற்கென்று எழுதப்பட்ட நிரலுக்குக் கடிதங்களைப் படிக்கவும் உரிமை உண்டு. அதன் குறையொன்றைப் பயன்படுத்தி அயலான் ஒருவன் அதை வசப்படுத்திவிட்டால், அவ்வளவும் அவன் கைக்குப் போகும். உச்சநிலைப் பயனரான ‘ரூட்’டின் பெயரில் இயங்கும் நிரல் வசமானால் சொல்லவே வேண்டாம்.

இதற்கு மாற்று நெடுநாளாகவே உண்டு. 1973இல் டேவிட் பெல், லெனர்ட் லாபடுலா ஆகிய இருவர், அமெரிக்க விமானப்படைக்காக, கீழ்நிலை அனுமதி பெற்றவர் மேல்நிலை ஆவணத்தைப் படிக்க இயலாமலும், மேல்நிலையிலுள்ளவர் கீழ்நிலைக் கோப்பில் எழுதி இரகசியத்தைக் கசியவிட இயலாமலும் செய்யும் கணித மாதிரி ஒன்றை வகுத்தனர். அம்மாதிரியில் கோப்பின் உரிமையாளர் மனமிரங்கினாலும் பயனில்லை. விதி அவருக்கும் மேலே நிற்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1983இல் வெளியிட்ட, அட்டையின் நிறத்தால் ‘ஆரஞ்சு நூல்’ என்று பெயர்பெற்ற மதிப்பீட்டு நூல், இத்தகைய கட்டாய அணுகல் கட்டுப்பாட்டை உயர்தரப் பாதுகாப்பின் அடிப்படைத் தகுதியாக வைத்தது. ஆயினும் படைத்துறைப் படிநிலை வேறு, அன்றாடக் கணினி வேறு. அஞ்சல் நிரலும் அச்சு நிரலும் ஒன்றுக்கொன்று மேலுமல்ல கீழுமல்ல. ஆகவே 1985இல் போபெர்ட், கெயின் என்னும் இருவர் வேறொரு வழியை முன்வைத்தனர்: ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு களம், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வகை, எந்தக் களம் எந்த வகையை என்ன செய்யலாம் என்பதற்கு ஓர் அட்டவணை. அட்டவணையில் இல்லாதது நடக்காது.

அந்த எண்ணமே யூட்டா பல்கலைக்கழகத்தின் ஆய்வுகள் வழியாக வளர்ந்து, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் கைக்கு வந்து, 2000 டிசம்பர் 22 அன்று எஸ்.ஈ.லினக்ஸ் என்ற பெயரில் மூலநிரலோடு பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. ஒட்டுக்கேட்பதைத் தொழிலாகக் கொண்ட முகமை பூட்டு செய்து இலவசமாகத் தருகிறதே என்று அன்று ஐயுற்றவர் பலர். மூலநிரல் திறந்து கிடந்ததால் ஐயுற்றவர்களே அதைப் படித்துப் பார்க்கவும் முடிந்தது. 2003 இறுதியில் வெளியான லினக்ஸ் 2.6 கருநிரலில் அது இடம்பெற்றது.

கழக்கூட்டம் என்ற பெயரைக் கேட்டவுடன் வேணாட்டு வரலாறு படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது எட்டுவீட்டில் பிள்ளைமார். மரபுவழிச் செய்தியின்படி அவ்வெண்மருள் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. பத்மநாபசுவாமி கோயிலின் நிலங்களில் வரி தண்டும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது. கோயில் நிர்வாகமோ எட்டரயோகம் என்னும் அவையிடம் இருந்தது. பெயரிலுள்ள ‘அரை’ அரசருடையது: நாட்டையே ஆள்பவருக்கு அந்த அவையில் அரை வாக்கு. கருவூலமும் படையும் தம்முடையவை என்றாலும் கோயில் சுவருக்குள் அவர் நினைத்தது நடந்துவிடாது. 1729இல் பட்டமேறிய மார்த்தாண்ட வர்மர் இந்த ஏற்பாட்டைப் பொறுக்கவில்லை. பிள்ளைமாரை ஒடுக்கினார், அரை வாக்கு முழு அதிகாரமாயிற்று. பின்னர் 1750இல் நாட்டையே பத்மநாபருக்கு ஒப்படைத்து, தாம் அவருடைய அடியவராக இருந்து ஆள்வதாக அறிவித்தார்.

பிள்ளைமாரை நல்லவர்கள் என்று காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் உழவரைப் பிழிந்த கதைகளும் உண்டு. கட்டாயக் கட்டுப்பாட்டுக்கு இதைவிட நெருங்கிய உவமை அந்த ஊரில் கிடையாது என்பதே காரணம். எஸ்.ஈ.லினக்ஸ் செயற்பாட்டில் உள்ள கணினியில் ‘ரூட்’ அரை வாக்குள்ள அரசர். ரஸ்ஸல் கோக்கர் என்னும் நிரலாளர் இதை மெய்ப்பிக்கவே ஒரு கணினியை இணையத்தில் நிறுத்தி, அதன் ரூட் கடவுச்சொல்லை உலகறிய வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் உள்ளே வாருங்கள் என்று பல்லாண்டுகள் அழைத்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் அரசர்களாகவே நுழைந்தார்கள். கொள்கை அவர்களுக்கென்று ஒதுக்கிய சிறு களத்தைத் தாண்டி அவர்களால் எதையும் ஆள முடியவில்லை.

மாடியறைக்குத் திரும்பலாம்.

ஒரு துலாவர்ஷ மாலையில், ஒப்புதல் பெற்ற நாற்பது ஒலிக்கோப்புகளை மாணவி தம் அடைவிலிருந்து பொதுத்தள அடைவுக்கு நகர்த்தினார். உலாவியில் திறந்தால் ‘அனுமதி இல்லை’. உரிமையாளர் சரி, படிக்கும் அனுமதி சரி, அடைவின் பெயர் சரி. எல்லாம் சரியாக இருந்தும் கணினி மறுத்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆய்வுக்குழு அப்பதிவுகளைப் பார்வையிடுவதாக இருந்தது. இளைஞர் தொலைபேசியில் கிடைத்தார். வேலை முடிந்து வந்துகொண்டிருந்த அவருக்கு ஏற்கெனவே களைப்பு. இணையத்தில் தேடியவர்களுக்கு முதலில் கிடைக்கும் தீர்வு எதுவோ அதையே அவரும் சொன்னார்: ‘செட்என்ஃபோர்ஸ் 0’. அடித்தார்கள். பாட்டுப் பெட்டிபோல எல்லாக் குரல்களும் ஒலித்தன. இரவு இடியில் மின்சாரம் போய் வந்தபோது பழையபடி மறுப்பு வந்தது. எனவே அமைப்புக் கோப்பிலேயே ‘கண்டிப்பு’ என்றிருந்ததை ‘இணக்கம்’ என்று மாற்றிவிட்டார்கள். மூன்று மாதம் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுப்பின் உண்மைக் காரணம் மொழியியலார் இரசிக்கத்தக்கது. எஸ்.ஈ.லினக்ஸில் ஒவ்வொரு கோப்பின்மீதும் அதன் வகையைச் சொல்லும் முத்திரை ஒன்று ஒட்டியிருக்கும். ஒருவரின் சொந்த அடைவில் பிறந்த கோப்புக்கு ‘இல்லக் கோப்பு’ என்ற வகை. பொதுத்தள அடைவில் பிறந்ததற்கு ‘வலை உள்ளடக்கம்’ என்ற வகை. கோப்பைப் படியெடுத்தால் படி புதிய இடத்தில் புதிதாகப் பிறக்கிறது. அந்த இடத்தின் முத்திரையைப் பெறுகிறது. நகர்த்தினாலோ, பழைய முத்திரையோடே வருகிறது. விளவங்கோட்டில் பிறந்து கொல்லத்தில் குடியேறியவரின் பேச்சில் ஊர் ஒட்டியிருப்பது போல. வலைவழங்கி இல்லக் கோப்புகளைத் தொடக் கூடாது என்பது கொள்கை. நகர்ந்து வந்த நாற்பதும் இடத்தால் பொது, முத்திரையால் இல்லம். ஆகவே மறுத்தது. ‘ரெஸ்டோர்கான்’ என்ற ஒரே கட்டளை இடத்துக்கேற்ற முத்திரையை மீட்டுத் தந்திருக்கும். பத்து நொடிகூட ஆகாது.

ஆப்பார்மர் என்ற மற்றொரு முறை முத்திரை பாராது. கோப்பின் முகவரியை மட்டுமே பார்க்கும். உபுண்டு 2007 முதல் அதனோடுதான் வருகிறது. கேரளப் பள்ளிக் கணினிகளுக்கென உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்ட இயங்குதளங்கள் வழியாக மலையாளக் குழந்தைகள் பலர் அதன் பெயரறியாமலே அதன் காவலில் கணினி பழகியிருக்கிறார்கள். முகவரியால் அடையாளம் காண்பதா, பிறப்பால் காண்பதா என்ற சண்டை இவ்விரு முகாம்களுக்கும் இடையில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. அன்று மாடியறையில் ஆப்பார்மர் இருந்திருந்தால் அந்த மறுப்பே வந்திராது. மறுப்பு வராதிருப்பது எப்போதும் நல்லதா என்பது வேறு கேள்வி.

மூன்றாம் மாதம் மின்விசிறியின் இரைச்சலால் சேதி வெளிப்பட்டது. வேலை எதுவும் இல்லாத நள்ளிரவில் கணினி முழு வேகத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. இளைஞர் வந்து பார்த்தார். பதிவேற்றப் படிவத்தில் இருந்த குறை வழியாக யாரோ ஒரு நிரல்துண்டை உள்ளே வைத்திருந்தார்கள். வலைவழங்கியின் பெயரில் அது இயங்கி, வெளியே எங்கோ தொடர்புகொண்டு, மின்னாணயம் தோண்டிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு வேண்டியது மாடியறையின் மின்சாரம். பாட்டியின் கதை அன்று. பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அந்நிரல் கிடைத்த அடைவுகளையெல்லாம் துழாவியிருந்தது.

ஒன்றை இங்கே மிகையின்றிச் சொல்ல வேண்டும். கண்டிப்பு நிலை இருந்திருந்தாலும் அந்த நிரல்துண்டு உள்ளே வந்திருக்கும். படிவத்தின் குறை படிவத்தின் குறைதான்; அதை எந்தக் கொள்கையும் திருத்தாது. வந்தபின் என்ன செய்ய முடியும் என்பதே மாறியிருக்கும். வலைவழங்கியின் களத்துக்குள் நிற்கும் நிரல் தானாக வெளியுலகோடு தொடர்பு தொடங்க முடியாது என்பது இயல்பான அமைப்பு. எனவே தோண்டுதல் நடந்திராது. இல்லக் கோப்புகளைத் திறக்க முடியாது. எனவே மாணவியின் அடைவு, அவரே எல்லாருக்கும் திறந்து வைத்திருந்தபோதிலும், அதற்கு மூடியே இருந்திருக்கும். ஆங்கிலத்தில் இதைக் குறிக்கும் சொல்லின் இலத்தீன் வேர் எல்லை என்ற பொருளுடையது. தமிழில் வரம்பு என்றால் இன்னும் தெளிவு: வயல்வரம்பு வெள்ளம் வராமல் தடுப்பதில்லை, ஒரு பாத்தியில் நிறைந்த நீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் நிறுத்துகிறது.

பிறகு பதிவேடு. ‘இணக்கம்’ என்னும் நிலை காவலை நிறுத்திவிட்டாலும் காவலாளியின் கையேட்டை நிறுத்துவதில்லை. மறுக்கப்பட்டிருக்க வேண்டியவற்றை அது எழுதிக்கொண்டே இருக்கும். இளைஞர் அதைத் திறந்தார். மாணவி அருகிலமர்ந்து படித்தார். ஒவ்வொரு வரியும் ஒரு வாக்கியம்: எழுவாயாக நிரலின் களம், செயப்படுபொருளாகக் கோப்பின் வகை, பயனிலையாகப் படித்தலோ திறத்தலோ. வரியின் தொடக்கத்தில் ‘மறுக்கப்பட்டது’ என்றிருக்கும். கடைசியில் ‘இணக்கம் = 1’ என்றிருக்கும்; அதாவது மறுக்கப்படவில்லை. இறுதிச் சொல்லில் பொருள் தலைகீழாகும் வாக்கியம் தமிழ் பயின்றவருக்குப் புதிதன்று. ஆனால் மூன்று மாதமும் அந்த இறுதிச் சொல்வரை படிக்க ஆளில்லை.

மாணவி தேடியது ஒரே ஒரு கோப்பின் பெயர். அது இல்லை. முதலில் ஆறுதல் வந்தது. சற்று நேரத்தில் இளைஞர் தயங்கித் தயங்கி விளக்கினார்: “சேச்சி, இதுல இல்லேன்னா படிக்கலைன்னு அர்த்தமில்லை.”

காரணம் இது. இணக்க நிலையில் கருநிரல் ஒவ்வொரு மீறலையும் எழுதுவதில்லை. இந்தக் களம், இந்த வகையை, இன்னது செய்தது என்று ஒருமுறை எழுதிவிட்டால், அந்த முடிவை நினைவில் வைத்துக்கொள்கிறது. அதே களம் அதே வகையை அதே முறையில் மீண்டும் தொட்டால் வாய் திறப்பதில்லை. பதிவேடு நிரம்பி வழியாதிருக்க அப்படி. ஆகவே மாணவியின் அடைவிலிருந்து வலைவழங்கி திறந்த முதல் கோப்பின் பெயர் மட்டுமே பதிவாகியிருந்தது: வீட்டு வாடகை ஒப்பந்தத்தின் படம். மின்சாரம் போய் வந்து கணினி மீண்டும் தொடங்கிய இரு நாட்களில் இன்னும் இரண்டு பெயர்கள். மூன்று வரிகள். அவற்றுக்குப் பின்னால் திறக்கப்பட்டது ஒன்றா, நூற்று நாற்பதா என்று அவ்வரிகள் சொல்லா. அந்தப் பதிவேடு வகையைக் குறித்ததே தவிர நிகழ்வுகளை எண்ணவில்லை. அகராதிக்காரர் ஒரு சொல்லாட்சியை ஒருமுறை சான்று காட்டிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவதைப் போல. அது பாட்டியின் கேள்விக்கு விடையாகாது. கோப்புகள் கடைசியாக எப்போது படிக்கப்பட்டன என்ற குறிப்பும் உதவவில்லை. ஒவ்வோர் இரவும் எல்லாவற்றையும் படித்துப் பொதிகட்டும் காப்புநகல் அக்குறிப்புகளை மாற்றி எழுதியிருந்தது.

அடுத்த மூன்று வாரம் அந்த அறையில் நடந்தது இலக்கண வேலை. கணினியை முழுவதும் துடைத்து, புதிதாக நிறுவி, ஒலிக்கோப்புகளை எழுத்தோடு பொருத்தும் அவர்களின் சொந்த நிரலுக்கும் ஒரு களம் வகுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஆயத்தக் கொள்கை எங்கும் கிடையாது. வழக்கமான வழி: அந்த ஒரு களத்தை மட்டும் இணக்கத்தில் விட்டு, நிரலை ஓடவிட்டு, பதிவேட்டில் விழும் மறுப்புகளைத் திரட்டி, ‘ஆடிட்டுஅலௌ’ என்னும் கருவியிடம் கொடுத்தால், அவ்வளவுக்கும் அனுமதி தரும் விதிகளை அது எழுதித் தந்துவிடும்.

தமிழிலக்கணம் படித்த எவரும் இங்கே ஒரு கணம் நிற்பர். வழு என்றால் பிழை. வழுவமைதி என்றால், பிழையே ஆயினும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்பட்டது. பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணைவழு. உவப்பினால் சொன்னதாகையால் அமைதி. அமைதிக்குக் காரணம் வேண்டும். இக்கருவி காரணம் கேட்பதில்லை. காணும் ஒவ்வொரு வழுவையும் வழுவமைதியாக்கிவிடுகிறது. அது திரட்டிய தொகுப்பில் வழக்கமான செயலும் இருக்கலாம், நிரலாளரின் கவனக்குறைவும் இருக்கலாம், ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்ட அயலானின் துழாவலும் இருக்கலாம். மூன்றும் ஒரே வடிவ வாக்கியங்கள். தரவுத்தொகுப்பிலிருந்து இலக்கணம் எழுதுகிறவர்களின் பழைய இக்கட்டு இது: தொகுப்பில் உள்ளது எல்லாம் மொழியல்ல, மொழியில் உள்ளது எல்லாம் தொகுப்பில் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடக்கும் காப்புநகல் மீட்பு அந்த மூன்று வாரத் தொகுப்பில் எப்படி வரும்?

எதிர்ப்புறத்திலும் இலக்கண நூலோர் வருவர். 2004இல் ஃபெடோரா கோர் 2 வெளியானபோது, கணினியில் நடப்பன அனைத்தையும் முன்கூட்டியே விதித்துவிடும் கண்டிப்பான கொள்கை அதனுடன் வந்தது. அன்றாட வேலைகள் அதில் இடறியதால், நிறுவும்போது அது அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் வந்த ஃபெடோரா கோர் 3 உத்தியை மாற்றியது: வலையமைப்பை நோக்கி நிற்கும் பத்துப் பன்னிரண்டு சேவைகளுக்கு மட்டும் வரம்பு, ஏனைய அனைத்தும் அவற்றின் போக்கில். அந்த விட்டுக்கொடுப்பே எஸ்.ஈ.லினக்ஸை வாழவைத்தது என்றால் தவறாகாது. வரம்புக்குட்பட்ட சேவைகளின் பட்டியல் பின்னர் ஆண்டுதோறும் நீண்டது.

தொல்காப்பியர் இயல்களின் முடிவில் புறனடை வைப்பது வழக்கம்: கூறாது விடுபட்டவற்றையும் வழக்கு நோக்கி, கூறியவற்றோடு பொருத்தி அமைத்துக்கொள்க என்று. மொழிக்கு அந்தப் பெருந்தன்மை இன்றியமையாதது. கட்டாயக் கட்டுப்பாட்டுக் கொள்கைக்குப் புறனடையே கிடையாது. கூறாது விட்டது மறுக்கப்பட்டது, அவ்வளவே. அதன் வலிமை அதுதான், மக்கள் அதை அணைத்துவிடுவதன் காரணமும் அதுதான். கைப்பேசியில் அது வெற்றி பெற்றதற்கு, அங்கே அணைக்கும் பொத்தான் பயனரின் கைக்கெட்டாமல் இருப்பது ஒரு காரணம். 2013இல் ஆண்ட்ராய்டு 4.3இல் இணக்க நிலையில் நுழைந்து, 2014இல் 5.0 முதல் முழுக் கண்டிப்பு நிலைக்கு வந்தது எஸ்.ஈ.லினக்ஸ். கழக்கூட்டம் நிலையத்தில் மாலை வண்டிக்குக் காத்திருப்போரின் பைகளுக்குள் அது உறங்காமல் இருக்கிறது. அங்கே கொள்கையை எழுதுவது கைப்பேசியின் உரிமையாளரும் அல்லர், பேசுகிறவரும் அல்லர் என்பது தனியாக எழுதப்பட வேண்டிய சேதி.

மாடியறையில் அவர்கள் கருவி தந்த விதிகளை வரிவரியாக அச்சிட்டு, சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ‘ஏன்?’ என்று கேட்டார்கள். ஒலிபொருத்தும் நிரல் ஏன் எல்லாருடைய இல்லக் கோப்புகளையும் படிக்க வேண்டும்? வேண்டாம்; உள்ளீட்டுக்கு ஓர் அடைவு போதும். ஏன் வலையமைப்பு? புதிய பதிப்பு இருக்கிறதா என்று அதிலுள்ள நூலகம் ஒன்று எங்கோ கேட்டுக்கொண்டிருந்தது; வேண்டாம். மூடிய பதிவுகளுக்கென்று புதிய வகை ஒன்று படைக்கப்பட்டது. வலைவழங்கியின் களத்துக்கும் அவ்வகைக்கும் இடையே ஒரு விதியும் எழுதப்படவில்லை. எழுதாமையே விதி. மாணவி இனிமேல் அசதியில் எந்த அனுமதியைத் திறந்துவிட்டாலும் வலைவழங்கிக்கு அது திறக்காது. தம் கையை நம்பாமல் தமக்கே வேலி கட்டிக்கொள்வதில் அவருக்கு முதலில் ஒரு கூச்சம் இருந்தது. வாக்குக் கொடுத்தவர் தாம். கோப்பின் உரிமையாளரும் தாம். ஆனால் அக்குரல் தம்முடையதன்று என்பதைக் கணினி இப்போதுதான் ஏற்றது.

தை மாதத்தில் இருவரும் விளவங்கோடு போனார்கள். தெரிவிக்காமல் விட்டுவிடலாம் என்று நால்வருள் ஒருவர் சொல்லிப் பார்த்தார். கசிந்ததென்று சான்றில்லையே, ஏன் முதியவரைக் கலக்க வேண்டும் என்பது அவர் வாதம். அதில் இரக்கமும் இருந்தது, அச்சமும் இருந்தது. மாணவி இணங்கவில்லை.

பாட்டி திண்ணையில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தார். களம், வகை, முத்திரை எதுவும் அங்கே பேசப்படவில்லை. பூட்டைத் திறந்து வைத்துவிட்டோம், ஆள் வந்துபோயிருக்கிறான், அந்தப் பேச்சைக் கேட்டானா என்று தெரியவில்லை என்று மாணவி சொன்னார்.

“கேட்டிருந்தா அவனுக்கு வெளங்குமா மக்களே?” என்றார் பாட்டி.

வெளிநாட்டானாக இருக்கலாம், விளங்காமலும் போகலாம், உறுதியாகச் சொல்ல இயலாது பாட்டி என்றார் மாணவி. பாட்டி நெடுநேரம் ஓலையையே பார்த்திருந்தார். உள்ளே போய் இருவருக்கும் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தார். பிறகு, “அதக் களஞ்சிரு” என்றார். “பெட்டி மொடஞ்சது இருக்கட்டும். இது வேண்டாம்.”

அன்றிரவே கழக்கூட்டத்தில் அப்பதினொரு நிமிடமும் எல்லாப் படிகளிலிருந்தும் அழிக்கப்பட்டது. எல்லைப்புறத் தமிழின் எதிர்மறை வினைமுற்றுகளைப் பற்றிய மாணவியின் மூன்றாம் இயலில் ஓர் அட்டவணை உண்டு. அதில் ஒரு வடிவத்துக்கு அவரிடமிருந்த ஒரே சான்று அந்தப் பதினொரு நிமிடத்துக்குள், அழுகையின் நடுவே, ஒருமுறை வந்திருந்தது. நெறியாளரிடம் கேட்டார். எழுதி வைத்த குறிப்பிலிருந்து எடுத்தாளலாமே என்றார் நெறியாளர், தடையில்லை. சமர்ப்பித்த ஆய்வேட்டில் அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அதைச் சுட்டி, இவ்வடிவம் இவ்வட்டாரத்தில் வழங்குவதில்லையா என்று கேட்டார். சான்று இல்லை என்று மாணவி விடையளித்தார்.